போலீஸ் மைக்கை வீட்டுக் கம்ப்யூட்டரில் கேட்கலாமா?

பங்குனி மாதம், அறுபத்து மூவர் திருவிழா. மயிலாப்பூர் மாட வீதியில் அக்கா பையனுடன் நின்றுகொண்டிருந்தேன். கூட்டத்தை ஒதுக்கிக்கொண்டிருந்த போலீஸ்காரரின் தோளில் மாட்டியிருந்த வாக்கி-டாக்கி 'கர்ர்ர்' என்று இரைந்தது. யாரோ எங்கிருந்தோ ஏதோ சொன்னார்கள். இவர் 'ஓவர்' என்று முடித்தார். பையன் கண்ணை விரித்துக்கொண்டு கேட்டான்: "மாமா, இதை நம்ம வீட்டுக் கம்ப்யூட்டர்ல கேக்க முடியுமா? அமெரிக்கால எல்லாரும் கேக்கறாங்களாம். யூட்யூப்ல பார்த்தேன்."

இன்ஜினீயரிங் படித்தவனாயிற்றே! 'ஓ, முடியுமே' என்று உடனே சொல்லிவிட்டேன். அப்படிச் சொன்னது எவ்வளவு அவசரம் என்று பிறகுதான் தெரிந்தது. புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய உங்களில் பலருக்கும் இந்த ஆசை வரலாம். ஆகவே என்ன செய்ய முடியும், எதைச் செய்யக் கூடாது, அந்தக் கருவியை வைத்துக்கொண்டு உருப்படியாக என்ன கேட்கலாம் என்று எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பென் டிரைவ் அளவில் ஒரு ரேடியோ

முதலில் கருவி. பென் டிரைவ் போல யுஎஸ்பி போர்ட்டில் செருகும் சின்னப் பெட்டி இது. 'ஆர்டிஎல்-எஸ்டிஆர்' என்பார்கள். உண்மையில் ஐரோப்பிய நாடுகளில் கம்ப்யூட்டரில் டிஜிட்டல் டிவி பார்ப்பதற்காகத் தயாரான சரக்கு. இதற்குள் இருக்கும் ஆர்டிஎல்2832யு என்ற சிப், பிடித்த சிக்னலை அப்படியே எண்களாக்கிக் கம்ப்யூட்டருக்குத் தள்ளிவிடும் என்பது 2012-ல் பொழுதுபோக்கு ஆர்வலர்களால் வெளியே வந்தது. அன்று முதல் டிவிக்காகப் பிறந்த கருவி உலகம் முழுக்க மலிவு விலை ரேடியோவாகிவிட்டது.

எஸ்டிஆர் என்றால் 'சாஃப்ட்வேர் டிஃபைன்டு ரேடியோ'. பழைய ரேடியோவில் காயில், கண்டென்சர் எல்லாம் சேர்ந்து செய்த வேலையை இங்கே ஒரு புரோகிராம் செய்கிறது. டேப் ரெக்கார்டர் செய்ததை இப்போது ஒரு பிளேயர் சாஃப்ட்வேர் செய்வதில்லையா, அதுபோலத்தான். ஆர்820டி டியூனர் உள்ள மாடல் சுமார் 24 மெகாஹெர்ட்ஸில் இருந்து 1766 மெகாஹெர்ட்ஸ் வரை பிடிக்கும். ஒரே நேரத்தில் சுமார் 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத் திரையில் பார்க்கலாம். மேலிருந்து கீழே வழியும் 'வாட்டர்ஃபால்' படத்தில், பேச்சு வரும் இடமெல்லாம் வெளிச்சக் கோடாகத் தெரியும். கேட்பதற்கு முன்னாலேயே ரேடியோ அலையைக் கண்ணால் பார்த்துவிடுகிறோம்!

விண்டோஸுக்கு 'எஸ்டிஆர் ஷார்ப்' என்ற இலவச சாஃப்ட்வேரை டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். அதற்கு முன் 'ஸாடிக்' என்ற சிறிய புரோகிராமால் டிரைவரை மாற்ற வேண்டும். இங்கேதான் கவனம் தேவை. லிஸ்டில் 'பல்க்-இன், இன்டர்ஃபேஸ் 0' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். நான் அவசரத்தில் வேறொரு வரியைத் தேர்ந்தெடுத்து பட்டனைத் தட்டினேன். மவுஸ் செத்துப்போய்விட்டது. கீபோர்டை மட்டும் வைத்துக்கொண்டு பழைய டிரைவரைத் திரும்பப் போடுவதற்குள் ராத்திரி சாப்பாடு ஆறிவிட்டது.

ஏரியல் ஒயர், கனெக்டர் போன்றவை ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும். ஏரியல் நீளத்துக்கு ஒரு சுலபக் கணக்கு உண்டு. 75-ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் ஒரு கையின் நீளம் மீட்டரில் வரும். 100 மெகாஹெர்ட்ஸ் எஃப்.எம்.முக்கு முக்கால் மீட்டர்.

ஸ்கேனர் என்ன செய்கிறது?

வாக்கி-டாக்கியின் சக்தி சில வாட் மட்டுமே. கட்டடங்கள் நிறைந்த ஊரில் அது ரொம்ப தூரம் போகாது. எனவே உயரமான டவரில் 'ரிப்பீட்டர்' வைப்பார்கள். அது ஒரு அலைவரிசையில் கேட்டதை இன்னொரு அலைவரிசையில் பலமாகத் திருப்பிச் சொல்லும். ஸ்கேனர் என்பது இப்படிப்பட்ட பல அலைவரிசைகளை வரிசையாகத் தட்டிப் பார்த்துக்கொண்டே போய், பேச்சு வந்த இடத்தில் நிற்கும் ரிசீவர்.

அமெரிக்காவில் இது பழைய பொழுதுபோக்கு. டெட்ராய்ட் நகரப் போலீஸ் 1928-லேயே ரோந்துக் கார்களுக்கு ரேடியோவில் தகவல் அனுப்பியது. பிற்காலத்தில் வீட்டு ஸ்கேனர்கள் கடைகளில் விற்றன. அங்கே பெரும்பாலான மாநிலங்களில் போலீஸ் பேச்சைக் கேட்பது குற்றமில்லை. ஆனால் அங்கும் காலம் மாறிவிட்டது. நியூயார்க் போலீஸ் 2023-ல் தன் ரேடியோவைச் சங்கேதமாக்கத் தொடங்கியது. 2013-ல் பாஸ்டன் மாரத்தான் குண்டுவெடிப்பின்போது ஆயிரக்கணக்கானோர் இன்டர்நெட் வழியே ஸ்கேனர் கேட்டார்கள். அந்தப் பரபரப்பில், சம்பந்தமே இல்லாதவர்களின் பெயர்கள் குற்றவாளிப் பட்டம் சூட்டப்பட்டு உலகம் முழுக்கப் பரவின.

கன்ட்ரோல் ரூம் பெரியவர் சொன்னது

எங்கள் தெருவில் ஒரு ரிட்டயர்டு சப்-இன்ஸ்பெக்டர் இருக்கிறார். கன்ட்ரோல் ரூமில் பல வருடம் வேலை பார்த்தவர். டெக்னிக்கலாக ஏதாவது சொல்லுவார் என்று பையனையும் அழைத்துக்கொண்டு போனேன். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

"கேட்டு என்ன தம்பி பண்ணப் போறீங்க?"

"சும்மா ஒரு இன்ட்ரஸ்ட் சார். திருடன் போலீஸ் எல்லாம் லைவா கேக்கலாம்னு இவன் நினைக்கிறான்."

"திருடன் போலீஸ் எல்லாம் எப்பவாவதுதான். மீதி நேரம் டிராஃபிக், பந்தோபஸ்து, யார் எந்த பாயின்ட்ல இருக்காங்க, அவ்வளவுதான். ஓப்பன் மைக்ல ஆபீசர் கிட்ட திட்டு வாங்கறதும் உண்டு." இதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கொஞ்சம் வெட்கம். சென்னைப் போலீஸ் செய்தி படிப்பவர்களுக்கு 'ஓப்பன் மைக்' என்ற வார்த்தை பழக்கமானதுதான்.

பிறகு பையனைப் பார்த்துப் பேசினார். "தி.நகர்ல தீபாவளிக் கூட்டம்னு வெச்சுக்கோ. ரங்கநாதன் தெருவுல குழந்தையைக் காணோம்னு ஒரு அம்மா அழுதுகிட்டு வர்றாங்க. நாங்க மைக்ல என்ன சொல்லுவோம்? பேரு, வயசு, மஞ்சள் கவுன், காதுல தங்கத் தோடு, எந்தக் கடை வாசல்ல கடைசியா பார்த்தாங்க, எல்லாம் சொல்லுவோம். எங்க ஆளுங்க நூறு பேர் கேட்டா குழந்தை பத்து நிமிஷத்துல கிடைச்சிடும். கேட்கக் கூடாத ஒருத்தன் கேட்டா? பேரைச் சொல்லிக் கூப்பிட்டா எந்தக் குழந்தையும் திரும்பிப் பார்க்கும்ப்பா."

பையன் பேசவில்லை. நானும்தான். போலீஸ் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் திருடன் தப்பிப்பான், அதனால்தான் கேட்கக் கூடாது என்று அதுவரை நினைத்திருந்தேன். உதவி கேட்டுக் கூப்பிட்டவருடைய பெயரும் வீட்டு நம்பரும் அந்த அலையில் போகிறது என்று எனக்குத் தோன்றவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குத் தனியாக இருக்கும் ஒரு பாட்டி, கதவை யாரோ தட்டுகிறார்கள் என்று போன் செய்தால், ரோந்து வண்டிக்கு என்ன சொல்லி அனுப்புவார்கள்? முழு விலாசத்தைத்தானே!

தபால் கார்டும் ஒட்டிய கவரும்

சாதாரண அனலாக் வயர்லெஸ் தபால் கார்டு மாதிரி. கையில் கிடைத்தவர் படிக்கலாம். டிஜிட்டல் வயர்லெஸ்ஸில் குரல் முதலில் எண்களாகிறது. சாதாரண ரிசீவரில் கேட்டால் ஈ மொய்ப்பதுபோல ஓர் இரைச்சல்தான் வரும். அந்த எண்களையும் ரகசியச் சாவி போட்டுக் கலைத்துவிட்டால் அது ஒட்டிய கவர். சாவி இல்லாமல் உங்கள் கம்ப்யூட்டர் எவ்வளவு வேகமானதாக இருந்தாலும் பிரிக்க முடியாது.

ஆனால் ஒரு விஷயம். தபால்காரர் கையில் தபால் கார்டு இருந்தாலும், அடுத்த வீட்டுக்கு வந்ததை நாம் வாங்கிப் படிக்கலாமா? நம் சட்டமும் 'கூடாது' என்றே சொல்கிறது. 1885-ம் வருடத்துத் தந்திச் சட்டமும், லைசென்ஸ் இல்லாமல் வயர்லெஸ் கருவி வைத்திருப்பதையே குற்றமாக்கிய 1933-ம் வருடத்துச் சட்டமும் நெடுங்காலம் இதைக் கவனித்துக்கொண்டன. வீட்டு ரேடியோவுக்குக்கூட லைசென்ஸ் புத்தகம் வைத்துக்கொண்டு போஸ்ட் ஆபீஸில் பணம் கட்டிய கதையைத் தாத்தா பாட்டியிடம் கேட்டுப் பாருங்கள். இப்போது தொலைத்தொடர்புச் சட்டம் 2023 வந்திருக்கிறது. 26 ஜூன் 2024 முதல் நடைமுறைக்கு வந்த அதன் 42-வது பிரிவின்படி, பிறருடைய செய்தியைச் சட்டவிரோதமாக இடைமறித்தால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது இரண்டு கோடி ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ரெக்கார்ட் செய்து வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு நண்பர்களிடம் பெருமை அடிக்கலாம் என்று நினைப்பவர்கள் இந்தத் தொகையை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளவும்!

ஆன்லைனில் வாக்கி-டாக்கி வாங்குவதிலும் ஜாக்கிரதை. முறையான அனுமதி விவரம் இல்லாமல் அவற்றை விற்றதற்காக 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் பல ஷாப்பிங் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது.

சரி, கருவியை என்ன செய்வது?

கேட்பதற்கென்றே ஒலிபரப்பாவது நிறைய இருக்கிறது. எஃப்.எம்.மில் ஆரம்பியுங்கள். ரெயின்போ 101.4-ல் வருகிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். 90.4-ல் வருகிறது. இது 2004-ல் தொடங்கிய வளாக சமுதாய வானொலி. சென்னைக்கு ரேடியோ பைத்தியம் புதிதல்ல. அரசாங்க ரேடியோ வருவதற்கு முன்பே, 1924-ல், இங்கே 'மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்' ஒலிபரப்பு நடத்தியிருக்கிறது.

நகருக்குள் எஃப்.எம். சிக்னல்கள் மிகப் பலமானவை. 'கெய்ன்' பட்டனைக் கடைசி வரை ஏற்றினால் இந்தச் சின்னக் கருவி திணறி, ஒரே பாட்டை நாலு இடத்தில் காட்டும். ஏதோ ரகசிய ஸ்டேஷன் என்று ஏமாறாதீர்கள். கெய்னைக் குறைத்தால் மாயமாகிவிடும்.

காசு செலவழிக்க விருப்பமில்லையா? நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் ஒரு வெப் எஸ்டிஆர் இருக்கிறது. பிரவுசரைத் திறந்தால் போதும். அங்கே இருக்கும் ஏரியலில் பிடித்த சிற்றலை ஒலிபரப்புகளை அடையாறில் உட்கார்ந்து கேட்கலாம்.

பேசவும் ஆசை வந்தால் அமெச்சூர் ரேடியோ, அதாவது 'ஹாம்' லைசென்ஸ் எடுப்பதே நேர் வழி. மத்திய தொலைத்தொடர்புத் துறையின் தேர்வு எழுத வேண்டும். 12 வயது ஆகியிருந்தால் போதும். 2004 டிசம்பர் 26 சுனாமியின்போது அந்தமானின் போர்ட் பிளேரில் தற்செயலாக ஹாம் நிலையத்துடன் இருந்த பாரதி பிரசாத், தொலைபேசிகள் செயலிழந்த நேரத்தில் செய்திகளை அனுப்பினார். அதுவும் அவசரத் தகவல்தான், அதிலும் பெயரும் ஊரும்தான் போயின. ஆனால் தங்கள் நலத்தை வெளியே தெரிவிக்கும்படி தவித்தவர்களே கொடுத்தவை அவை.

எங்கள் வீட்டில் கடைசியில் ஜெயித்தது விண்வெளி நிலையம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருக்கும் ஹாம் ரேடியோ 145.800 மெகாஹெர்ட்ஸில் பூமிக்குப் பேசும். 2025 ஜூலையில் நம் சுபான்ஷு சுக்லா அங்கிருந்து ஹாம் ரேடியோ மூலம் பேசினார். எப்போதும் ஒலி வராது. பள்ளி மாணவர்களுடன் பேசும் நாட்களிலும், படம் அனுப்பும் நாட்களிலும்தான் வரும். எந்தெந்த நாள் என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். நிலையம் நம் தலைக்கு மேல் கடக்க அதிகம் போனால் பத்து நிமிஷம். மணிக்கு சுமார் 28,000 கிலோமீட்டர் வேகத்தில் போவதால், வரும்போது அலைவரிசை கொஞ்சம் மேலேயும் போகும்போது கொஞ்சம் கீழேயும் நகரும். வாட்டர்ஃபாலில் கோடு வளைவது அதனால்தான். மவுஸால் பின்தொடர்ந்துகொண்டே வாருங்கள்.

கணக்குப்படி அரை மீட்டர் நீளத்துக்கு இரண்டு அலுமினியக் கம்பி வெட்டி, 'வி' மாதிரி விரித்து மொட்டைமாடிக் கொடிக்கம்பத்தில் கட்டினோம். முதல் இரண்டு தடவையும் ஒன்றும் வரவில்லை. ஒரு தடவை யுஎஸ்பி ஒயர் லூஸ், இன்னொரு தடவை லேப்டாப் பேட்டரி போய்விட்டது. மூன்றாவது தடவை ஒரு படம் பாதி வந்தது. மேல் பாதி தெளிவு, கீழ்ப் பாதி முழுக்கப் புள்ளி. பையன் அதை பிரின்ட் எடுத்துக்கொண்டு நேராக அந்த சப்-இன்ஸ்பெக்டர் வீட்டுக்கு ஓடினான். அடுத்த முறை நிலையம் கடக்கும்போது அவரும் மாடிக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். பிளாஸ்கில் காபி கொண்டுவர வேண்டியது என் பொறுப்பாம்.