தாதியர் ஆராய்ச்சியும் எண்களும்

நோயாளியின் படுக்கையருகே நின்று தொண்டு புரியும் தாதிக்கு எண்களால் ஆவதென்ன என்று சிலர் வினவுவர். அன்பும் பொறுமையுமே தாதிக்கு வேண்டுவன. கணக்கு கணிதம் வல்லார்க்கே உரியது என்பது அன்னோர் கருத்து. இக்கருத்துப் பொருந்தாதென்பதை ஒரு வரலாற்றால் விளக்குவாம்.

1854-ஆம் ஆண்டு நவம்பரில், கிரிமியா யுத்தத்தில் நோயுற்றும் புண்பட்டும் கிடந்த பிரிட்டிஷ் போர்வீரர்க்குத் தொண்டு செய்யும்பொருட்டு, பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 38 தாதியருடன் துருக்கியிலுள்ள ஸ்கூட்டாரியை அடைந்தார். போரில் மடிவோர் பகைவர் குண்டாலேயே மடிவர் என்று எண்ணுவது இயல்பு. ஆனால் யுத்தம் முடிந்தபின் மரணக் கணக்குகளைத் தொகுத்துக் காரணவாரியாக வகுத்தபோது வேறோர் உண்மை புலனாயிற்று. 1855 ஜனவரியில் மட்டும் அச்சேனையில் இறந்தோர் 3,168 பேர். அவருள் புண்ணால் இறந்தோர் 83 பேரே. வாந்திபேதி, சீதபேதி, ஜுரம் முதலிய தடுக்கக்கூடிய நோய்களால் மாண்டோர் 2,761 பேர். அஃதாவது நூற்றுக்கு 87 பேர். 1858-இல் அம்மையார் இவ்வெண்களை மாதவாரியாக வட்டமாய் விரிந்த வண்ணப்படத்தில் தீட்டி வெளியிட்டார். கணக்கறியாதாரும் ஒரு நோக்கில் உண்மையை உணரலாயிற்று.

இங்ஙனம் சிதறிக்கிடக்கும் விவரங்களைத் தொகுத்து, வகுத்து, சுருக்கி உரைப்பதே விவரணப் புள்ளியியலாம். ஆயினும் சுருக்குங்கால் எச்சரிக்கை வேண்டும். ஐந்து நோயாளர் 3, 4, 4, 5, 24 நாட்கள் வைத்தியசாலையில் தங்கினரெனக் கொள்வோம். சராசரி 8 நாள். ஆனால் எட்டு நாள் தங்கியவர் ஒருவருமிலர்! வரிசையின் நடுவே நிற்கும் 4 என்னும் இடைநிலை அளவே பெரும்பாலோர் நிலையைக் காட்டுகின்றது. அதனை மட்டும் கூறினாலோ, இருபத்துநான்கு நாள் கிடந்த ஒருவர் மறைந்துபோவார். அவர் படுக்கைப்புண்ணால் வருந்தியவராயிருக்கலாம். தாதியின் கவனத்துக்கு மிகவும் உரியவர் அவரேயன்றோ? ஆதலின் சராசரி, இடைநிலை, மிகக் குறைந்த அளவு, மிகக் கூடிய அளவு ஆகிய நான்கையும் சேர்த்துரைத்தலே முறை. மேலும், இவ்வளவுகள் உள்ள நிலையை உரைப்பனவேயன்றி, அந்நிலை ஏன் நேர்ந்ததென்பதை நிறுவுவன அல்ல. அதற்கு மேற்கொண்டு ஆராய்தல் வேண்டும்.

நம் மாணாக்கருள் தாதியர் பணியை மேற்கொள்வோர், நாடியையும் ஜுர அளவையும் குறிப்பேட்டிற் பதிவதை வெறுஞ் சடங்கென நினையாதிருப்பாராக. பதிவு பிழைபடின் சராசரியும் பிழைபடும். செவ்வனே எழுதிய ஒரு வரியோ பின்வரும் நோயாளர் பலரின் உயிர் காக்கத் துணைசெய்யும்.