மறுப்பின் விலை 2 கோடி

சிவப்பழகு கிரீம் விளம்பரம் ஒன்றில் நடிக்க சாய் பல்லவிக்குப் பேசப்பட்டதாகச் சொல்லப்படும் தொகை 2 கோடி ரூபாய். கோத்தகிரியில் பிறந்த அந்த நடிகை மறுத்துவிட்டார். 2019ல் வெளிவந்த இந்தச் செய்தியின் பின்னணியில் இருந்தவர் தங்கை பூஜா.

அக்காவைவிடத் தான் நிறம் குறைவு என்ற ஏக்கம் தங்கைக்கு. காய்கறி, பழம் சாப்பிட்டால் நிறம் கூடும் என்று அக்கா சொல்லிவைக்க, பிடிக்காவிட்டாலும் சாப்பிட்டார் பூஜா. அதைப் பார்த்துத்தான் மனம் வருந்தியதாகச் சொன்னார் சாய் பல்லவி.

'பிரேமம்' (2015) படத்தில் முகப்பருக்களை மறைக்காமல் நடித்தவர் அவர். ரசிகர்கள் ஏற்பார்களா என்ற தயக்கம் அவருக்கே இருந்தது. ஏற்றார்கள், கொண்டாடினார்கள்.

1975ல் வந்த 'ஃபேர் அண்ட் லவ்லி' 2020ல் 'க்ளோ அண்ட் லவ்லி' ஆனது. பெயரில் இருந்த சிவப்பு போனது. மனதில் இருப்பது போகவில்லை. கிரீமுக்காவது காசு தர வேண்டும். முகத்தை மெருகேற்றும் ஃபில்டர் இலவசம். விரல் பட்டால் பரு மறைகிறது, நிறம் வெளுக்கிறது. விளம்பரத்தை மறுக்க ஒரு நடிகை போதும். ஃபில்டரை அவரவர்தான் மறுக்க வேண்டும் - அதுவும் ஒவ்வொரு படத்துக்கும்.