சிவப்பு பாண்டா எங்கே, எப்படி வாழ்கிறது?

இலங்கையின் மிக உயர்ந்த மலையான பீதுருதாலகால 2,524 மீற்றர். சிவப்பு பாண்டாவின் காடு ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் தொடங்குகிறது. அங்கிருந்து 4,000 மீற்றருக்கு மேலும் போகிறது. நேபாளம், பூட்டான், மியன்மார், தென்மேற்குச் சீனா, இந்தியாவில் டார்ஜிலிங், சிக்கிம், அருணாசலம் ஆகிய இடங்களில் அது வாழ்கிறது. வெப்பம் 25 பாகையைத் தாண்டினால் தவித்துப்போகும். தாழ்நில வெக்கையில் வாழவே முடியாத உயிர் அது.

கறுப்பு வெள்ளைப் பாண்டாவுக்கு இது நெருங்கிய உறவில்லை. உடல் வீட்டுப் பூனையைவிடச் சற்றுப் பெரிது. நிறை 3 முதல் 6 கிலோ. முதுகில் செம்பட்டை மயிர், வயிற்றில் கறுப்பு. இமயமலை மரங்களில் செந்நிறப் பாசி படர்ந்திருப்பதால் கிளையில் படுத்துக்கிடந்தால் கண்ணில் படாது. குளிரில் நீண்ட வாலை உடம்பைச் சுற்றிப் போர்த்திக்கொள்ளும்.

இதன் வாழ்க்கையை நிர்ணயிப்பது மூங்கில். ஊனுண்ணிகளின் வயிற்றை வைத்துக்கொண்டு மூங்கில் இலையைத் தின்கிறது. அதில் பெரும்பகுதி செரிப்பதில்லை. அதனால் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதியைத் தின்பதிலேயே கழிக்கிறது, மற்ற நேரத்தில் அசையாமல் கிடந்து சக்தியைச் சேமிக்கிறது. இளந்தளிர், பழம், முட்டை கிடைத்தால் அவற்றையும் விடாது. மணிக்கட்டு எலும்பு ஒன்று நீண்டு, பெருவிரல் போல மூங்கில் தண்டைப் பிடிக்க உதவுகிறது. குட்டிகள் பெரும்பாலும் ஜூன், ஜூலையில் மரப்பொந்துகளில் பிறக்கும்.

காடு துண்டு துண்டானால் ஒரு பாண்டா இன்னொன்றைச் சந்திக்க வழியில்லை. கால்நடைகள் மூங்கிலை மிதித்து அழிக்கின்றன. நாய்கள் கடித்துக் கொல்வதோடு நோயையும் பரப்புகின்றன. 2015இல் இது அருகிவரும் இனமாக அறிவிக்கப்பட்டது.

டார்ஜிலிங் விலங்குக் காட்சிச்சாலை பல ஆண்டுகளாக இதை இனப்பெருக்கம் செய்து வருகிறது. அங்கு பிறந்த சுவீட்டி, மினி என்ற இரு பெண் பாண்டாக்களை 2003இல் சிங்கலீலா தேசியப் பூங்காவில் விட்டார்கள். மினி வேட்டை விலங்கொன்றுக்கு இரையானது. சுவீட்டி காட்டிலேயே குட்டி ஈன்றது. கூண்டில் பிறந்த விலங்கும் காட்டுக்குத் திரும்பலாம் என்பதற்கு அது போதிய சான்று. ஆனால் திரும்பிப் போக மூங்கில் காடு மிஞ்சியிருக்க வேண்டும்.

டார்ஜிலிங் போகிறவர்கள் சிங்கலீலாவில் நடந்தால் வழிகாட்டியோடு பாதையிலேயே செல்லுங்கள். பாண்டாவைக் கண்டால் சத்தமிடாமல், நெருங்காமல் தூரத்தில் நின்று பாருங்கள்.