சத்தம் போடுற ஃபேன்: ரிப்பேரா, புது பி.எல்.டி.சி. ஃபேனா?



கொடைக்கானல் மலை பக்கத்துலயே இருந்தாலும், கீழே திண்டுக்கல்ல ஃபேன் இல்லாம தூங்க முடியாது. அந்த ஃபேன் ராத்திரி முழுக்க "கர கர"ன்னு கத்துச்சுன்னா, உடனே போனை எடுத்து 3,000 ரூபாய்க்கு பி.எல்.டி.சி. ஃபேனை இ.எம்.ஐ.ல வாங்கத் தோணும். "கரண்ட் பில்லும் குறையுமே"ன்னு மனசு சொல்லும்.

கொஞ்சம் பொறுங்க. சத்தம் ஒரு பிரச்சினை, கரண்ட் செலவு வேற பிரச்சினை. ரெண்டையும் தனித்தனியா பார்க்கணும்.

முதல்ல சத்தம் எங்கிருந்து வருது?

எம்.சி.பி.யை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க.

1. "டக் டக்": றெக்கை ஸ்க்ரூ லூஸா இருக்கும், இல்லன்னா மேல உள்ள கப் எங்கயாவது உரசும். டைட் பண்ணினா போதும்.
2. ஆட்டத்தோட சத்தம்: றெக்கை வளைஞ்சிருக்கலாம், தூசி ஏறியிருக்கலாம். கொக்கியில மாட்டுற போல்ட், பின், ரப்பர் புஷ் தேய்ஞ்சிருந்தா ஆபத்து. அதை அன்னைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மாத்துங்க.
3. "கர கர": கையால சுத்தும்போதே உரசினா பேரிங் தேய்ஞ்சிருக்கு. பேரிங் மாத்தணும்.
4. குறைஞ்ச வேகத்துல மட்டும் "உம்ம்"னு சத்தம்: பெரும்பாலும் ரெகுலேட்டர்தான் காரணம்.

கண்டென்சர் போனா ஃபேன் மெதுவா சுத்தும். பேரிங் சத்தத்துக்குக் கண்டென்சர் மாத்திப் பிரயோஜனம் இல்ல. ஆக, முக்கால்வாசி சத்தம் சில நூறு ரூபாய்ல முடியுற வேலை.

இப்ப கரண்ட் கணக்கு

பழைய ஃபேன் சுமார் 75 வாட், பி.எல்.டி.சி. சுமார் 30 வாட். மிச்சம் 45 வாட். ஒரு நாளைக்கு 10 மணி நேரம் ஓடினா, ரெண்டு மாச பில்லுல 27 யூனிட் மிச்சம். அது எத்தனை ரூபாய்ங்கிறது நீங்க எந்த ஸ்லாப்ல இருக்கீங்கங்கிறதைப் பொறுத்தது. 2024 ஜூலை கட்டணப்படி தோராயமா ஒரு பில்லுக்கு:

- 100 யூனிட்டுக்குள்ள: மிச்சம் பூஜ்யம். அது ஏற்கெனவே இலவசம்!
- 101 முதல் 200 வரை: சுமார் 60 ரூபாய்
- 201 முதல் 400 வரை: சுமார் 125 ரூபாய்
- 500க்கு மேல: 220 ரூபாய்க்கு மேல

500ஐ ஒட்டி நிக்கிறவங்களுக்கு லாபம் இன்னும் அதிகம். அந்தக் கோட்டைத் தாண்டினா 101 முதல் 200 வரை உள்ள யூனிட்டுக்கே ரேட் ஏறிடும்.

ரிப்பேருக்கு 500 ரூபாய், புது ஃபேன் 3,000 ரூபாய்னு வெச்சுக்குங்க. கூடுதல் செலவு 2,500. 101–200 ஸ்லாப்ல அதைத் திரும்ப எடுக்க ஆறு வருஷத்துக்கு மேல ஆகும். 201–400ல மூணு வருஷம் சொச்சம். 500க்கு மேலன்னா ரெண்டு வருஷத்துக்குள்ள வந்துடும். தனியா ஒரு ரூம்ல தங்கி 100 யூனிட்டுக்குள்ள ஓட்டுறவருக்கு அந்தக் காசு திரும்பி வரவே வராது.

ஓனர் சப்-மீட்டர் வெச்சு யூனிட்டுக்கு 8 ரூபாய்னு வாங்குறாரா? அப்ப உங்களுக்கு ஸ்லாப் கிடையாது, அந்த 8 ரூபாயைப் போட்டுத்தான் கணக்கு பார்க்கணும். பில்லுக்கு 216 ரூபாய் மிச்சம்.

வாடகை வீடுன்னா செலவு யாருது?

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்துல வேற மாதிரி எழுதலைன்னா, பெரிய வயரிங் வேலை ஓனர் பொறுப்பு. மின்சாதன ரிப்பேர் குடியிருக்கிறவர் பொறுப்பு. அதனால அக்ரிமென்ட்டைப் படிச்சுட்டு ஓனர்கிட்ட பேசுங்க. நீங்களே புது ஃபேன் வாங்கினா பழசைப் பத்திரமா எடுத்து வைங்க. காலி பண்ணும்போது அதை மாட்டிக் கொடுத்துட்டு, உங்க ஃபேனைக் கழட்டிட்டுப் போகலாம்.

வாங்குறதுன்னு முடிவு பண்ணிட்டீங்களா?

- 2023 ஜனவரி 1 முதல் சீலிங் ஃபேனுக்கு ஸ்டார் லேபிள் கட்டாயம். வாட் எவ்வளவுன்னு பாருங்க.
- பி.எல்.டி.சி.ல சர்க்யூட் போர்டு இருக்கு, எல்லா மெக்கானிக்கும் சரி பண்ண மாட்டாங்க. வாரன்டி வருஷத்தையும் திண்டுக்கல்ல சர்வீஸ் இருக்கான்னும் கேளுங்க. ஜி.எஸ்.டி. பில்லைப் பத்திரமா வைங்க.
- "நோ காஸ்ட் இ.எம்.ஐ."ன்னாலும் பிராசஸிங் ஃபீஸ், அதுக்கு 18% ஜி.எஸ்.டி. வருதான்னு பாருங்க. ஒரு வருஷ மிச்சத்துல பாதி அதுலயே போயிடலாம்.
- இன்வெர்ட்டர் இருக்கிற வீட்டுல பி.எல்.டி.சி.க்கு இன்னொரு லாபம்: கரண்ட் போனாலும் பேட்டரி கூடுதல் நேரம் தாங்கும்.

சுருக்கமா: சத்தத்துக்கு ரிப்பேர், பில்லுக்கு பி.எல்.டி.சி. உங்க கடைசி மூணு கரண்ட் பில்லை எடுத்து, எந்த ஸ்லாப்ல இருக்கீங்கன்னு பார்த்துட்டு அப்புறமா ஆர்டர் போடுங்க.