உங்களுக்குத் தெரியுமா? வெந்நீர்க் குடுவையில் பெட்ரோல்!

1946. போரில் நொறுங்கிய ஜப்பானில் ரயிலும் பஸ்ஸும் பிதுங்கி வழிந்தன. ஹமமட்சு நகரில் இருந்த, பின்னாளில் ஹோண்டா நிறுவனத்தைத் தொடங்கிய சோயிச்சிரோ ஹோண்டாவின் கண்ணில் பட்டது ஒரு குட்டி எஞ்சின். ராணுவ வயர்லெஸ் கருவிக்கு மின்சாரம் தந்துகொண்டிருந்தது. போர் முடிந்ததும் கேட்பாரற்றுக் கிடந்தது. சைக்கிளில் பூட்டினால் என்ன?

பெட்ரோல் டேங்க்குக்கு எங்கே போவது? வீட்டில் இருந்த, படுக்கையைச் சூடாக்கும் வெந்நீர்க் குடுவையையே மாட்டிவிட்டார்! முதலில் ரப்பர் உருளை ஒன்று முன்சக்கர டயரை உரசிச் சுழற்றுவதாக ஏற்பாடு. டயர் தாங்கவில்லை. பிறகு பெல்ட் போட்டுப் பின்சக்கரத்தை இழுக்கவைத்தார். ஓட்டிப் பார்த்தது அவர் மனைவி சாச்சி. பெட்ரோல் ரேஷன் காலம் என்பதால் டர்பன்டைனும் கலந்து ஊற்றினார்கள்; புகையைக் கேட்கவே வேண்டாம்.

இப்படிச் சைக்கிளில் பூட்டக் கிடைத்த சுமார் 500 ராணுவ எஞ்சின்களும் தீர்ந்தபின்தான், 1947இல், ஹோண்டா சொந்த எஞ்சின் செய்தார்.

அதேபோல், தோளில் மாட்டிப் புல் வெட்டும் பழைய கருவியின் எஞ்சினைச் சைக்கிளில் பூட்டும் இன்றைய ஆர்வலர்களுக்கு ஒரு வசதி உண்டு. எஞ்சின் வேகம் கூடினால் மட்டுமே பிடிக்கும் கிளட்ச் பெரும்பாலும் அதிலேயே இருக்கிறது; சிக்னலில் நின்றாலும் எஞ்சின் அணையாது. உரசல் உருளை வைத்தவர்கள் மட்டும் மழையில் வழுக்கித் திண்டாடுகிறார்கள்.