கல்கி கடன் வாங்கியது எங்கிருந்து?

'பொன்னியின் செல்வன்' பிரெஞ்சு எழுத்தாளர் அலெக்சாந்தர் டூமாவின் சாகச நாவல்களைத் தழுவியது என்போர் ஒருபுறம். அப்படிச் சொல்வதே கல்கிக்கு இழுக்கு என்போர் மறுபுறம். இரு தரப்பினருமே ஊக்கம் பெறுவதையும் நகலெடுப்பதையும் ஒன்றெனக் கருதுகின்றனர்.

ஒற்றுமை உண்டு. 1844-இல் வெளிவந்த 'தி த்ரீ மஸ்கிடியர்ஸ்' நாவலில் துடுக்கான இளைஞன் ஒருவன் கடிதத்துடன் பாரிஸுக்குக் குதிரையில் புறப்படுகிறான். 1950-இல் தொடராகத் தொடங்கிய கல்கியின் கதையில் வந்தியத்தேவன் ஓலையுடன் தஞ்சைக்குப் புறப்படுகிறான். சாகசக் கதையின் விறுவிறுப்பை டூமாவிடமிருந்து கல்கி கற்றிருக்கலாம்.

ஆனால், கதையின் உயிர்முடிச்சு பிரான்ஸிலிருந்து வந்ததன்று. காட்டுமன்னார்கோவில் அருகே உள்ள உடையார்குடிக் கோயில் கல்வெட்டு, ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என ரவிதாசன் உள்ளிட்டோரைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. கொலைக்கான காரணத்தைச் சொல்லவில்லை. முகப்பேரை அடுத்த அம்பத்தூரில் அரக்கோணம் மின்சார ரயிலில் ஏறினால் திருவாலங்காட்டுக்குச் செல்லலாம். அவ்வூரில் கிடைத்த ராஜேந்திர சோழனின் செப்பேடுகள், சிற்றப்பன் அரசாள விரும்பியதால் அருள்மொழி அரியணையை நாடவில்லை என்கின்றன. வந்தியத்தேவரின் பெயரோ தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில், குந்தவையின் கணவர் என்ற அளவில் வருகிறது. இந்த மௌனங்களுக்கு இடையே கல்கி நந்தினியைப் படைத்தார். கொலையாளி யார் என்ற ஐயத்தையும் அவர் முழுமையாகத் தீர்த்து வைக்கவில்லை.

பொருளியலில் இதனை மதிப்புக் கூட்டல் என்போம். கச்சாப் பொருள் எங்கிருந்து வந்தது என்பதைவிட, அது என்னவாக மாறியது என்பதே முக்கியம். 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற கற்பனைப் பாத்திர விளையாட்டை உருவாக்கியவர்களுள் ஒருவரான கேரி கைகாக்ஸ், தமக்கு ஊக்கமளித்த நூல்களை 1979-இல் தம் வழிகாட்டி நூலின் பின்னிணைப்பில் பட்டியலிட்டார். அதனால் அவர் புகழ் குறையவில்லை. கல்கியும் கதையின் நடுவே கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் வெளிப்படையாகவே சுட்டுகிறார்.

எனவே நாம் கவலைப்பட வேண்டியது டூமாவைப் பற்றி அன்று. அவருடைய நூல்கள் எல்லா நூலகங்களிலும் பத்திரமாக உள்ளன. நம் கல்வெட்டுகளோ திருப்பணி என்ற பெயரில் சுண்ணாம்புப் பூச்சுக்கும் மணல்வீச்சுக்கும் இரையாகின்றன. படியெடுக்கப்படும் முன்பே ஒரு கல்வெட்டு அழிந்தால், வரலாற்றின் ஒரு பக்கத்தோடு, இன்னும் எழுதப்படாத நாவலின் ஊற்றும் அழிகிறது. கல்கியைக் கொண்டாடுவோர் முதலில் காக்க வேண்டியது அந்த ஊற்றையே.