குழந்தையின் வயிற்றில் கட்டி: நியூரோபிளாஸ்டோமாவை அறிவோம்

குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது அம்மாவோ பாட்டியோதான் பெரும்பாலும் முதலில் கவனிக்கிறார்கள்: வயிற்றில் ஒரு பக்கம் மட்டும் கெட்டியாக இருக்கிறது. தொட்டால் குழந்தை அழுவதுகூட இல்லை. மலம் கட்டியிருக்கும் என்று விளக்கெண்ணெய் கொடுத்தும், தொக்கம் எடுத்தும் சில வாரங்களைக் கடத்திவிடுகிறோம். வயிற்றுக் கட்டிக்குப் பல காரணங்கள் உண்டு. அவற்றுள் தவறவிடக் கூடாத ஒன்று, நியூரோபிளாஸ்டோமா என்ற நரம்புத் திசுப் புற்றுநோய்.

எங்கே தொடங்குகிறது?

இதயத் துடிப்பு, இரத்த அழுத்தம் போன்றவை நாம் நினைக்காமலே சீராக நடப்பதற்குப் பரிவு நரம்பு மண்டலம் உதவுகிறது. கருவில் இந்த நரம்புகளாக மாற வேண்டிய செல்களில் சில, முதிர்ச்சி அடையாமலே பெருகுவதுதான் நியூரோபிளாஸ்டோமா. சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பியில்தான் இது அதிகம் தோன்றும். முதுகெலும்பை ஒட்டிக் கழுத்து, மார்பு, இடுப்புப் பகுதிகளிலும் வரலாம். பெரும்பாலும் 5 வயதுக்குள் தெரியவரும். ஒரு வயது நிரம்பாத குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் இதுவே முதலிடம்.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• வயிற்றில் கட்டி, வீக்கம்
• விழுந்து அடிபடாமலே கண்ணைச் சுற்றிக் கன்றிப்போதல், கண் பிதுங்குதல்
• நன்றாக நடந்த குழந்தை நொண்டுதல், தரையில் இறங்காமல் தூக்கச் சொல்லி அடம்பிடித்தல் (நோய் எலும்புக்குப் பரவியதால் வரும் வலியாக இருக்கலாம்)
• ஒரு கண்ணின் இமை மட்டும் தாழ்ந்து, அந்தக் கண்ணின் பாவை சிறுத்துப்போதல்
• கண்கள் கட்டுப்பாடின்றி எல்லாப் பக்கமும் துள்ளுதல், நடை தள்ளாடுதல்
• விடாத காய்ச்சல், சோகை, எடை குறைதல்

கால்கள் திடீரென வலுவிழந்தாலோ, சிறுநீரும் மலமும் கட்டுப்பாட்டில் இல்லாமல் போனாலோ, கட்டி தண்டுவடத்தை அழுத்துகிறது என்று பொருளாகலாம். அன்றைக்கே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

எப்படிக் கண்டறிகிறார்கள்?

முதலில் அல்ட்ராசவுண்ட், பிறகு சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். இந்தக் கட்டி அட்ரினலின் வகைப் பொருள்களைச் சுரப்பதால், அவற்றின் கழிவுகளான வி.எம்.ஏ., எச்.வி.ஏ. ஆகியவை சிறுநீரில் கூடுதலாகத் தென்படும். நோய் எங்கெல்லாம் பரவியிருக்கிறது என்பதை எம்.ஐ.பி.ஜி. ஸ்கேனும் எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையும் காட்டும். கட்டியிலிருந்து எடுக்கும் துளித் திசுவில் எம்.ஒய்.சி.என். என்ற மரபணு பல மடங்கு பெருகியிருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சுமார் 5 குழந்தைகளில் ஒருவருக்கு அப்படி இருக்கும். இருந்தால் நோய் வேகமாக வளரும்.

ஒரே பெயர், இரு குணங்கள்

கைக்குழந்தைகள் சிலருக்கு இந்தக் கட்டி சிகிச்சை இல்லாமலே சுருங்கி மறைந்துவிடுகிறது. அதே நோய், ஒன்றரை வயதைத் தாண்டிய குழந்தையின் உடலில் பரவிவிட்டால் கடுமையாகிவிடுகிறது.

இதற்கு ஜப்பான் ஒரு பாடம். அங்கே 1980-களின் நடுவிலிருந்து நாடு முழுவதும் 6 மாதக் குழந்தைகளின் சிறுநீரைச் சோதித்தார்கள். ஏராளமான கட்டிகள் முன்கூட்டியே அகப்பட்டன. ஆனால் கனடாவிலும் ஜெர்மனியிலும் நடந்த இத்தகைய சோதனைகள் இறப்பைக் குறைக்கவில்லை என்று 2002-ல் தெரியவந்தது. தானே மறைந்திருக்கக்கூடிய கட்டிகளுக்கும் அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது! 2003-ல் ஜப்பான் அந்தத் திட்டத்தை நிறுத்த முடிவு செய்தது. ஆகவே நலமாக உள்ள எல்லாக் குழந்தைகளுக்கும் பரிசோதனை தேவையில்லை. அறிகுறி உள்ள குழந்தைக்குத் தாமதம் கூடாது.

சிகிச்சை

ஆபத்து குறைந்த பிரிவில் கண்காணிப்போ அறுவை சிகிச்சையோ போதும். 10-ல் 9 பேருக்கு மேல் பிழைக்கிறார்கள். நடுத்தரப் பிரிவுக்குக் கீமோதெரபியும் தேவைப்படும். ஆபத்து மிகுந்த பிரிவுக்குக் கீமோதெரபி, அறுவை சிகிச்சை, குழந்தையின் சொந்த ஸ்டெம் செல்லைத் திருப்பிச் செலுத்துதல், கதிர்வீச்சு என நீண்ட சிகிச்சை. முழு வசதியுள்ள இடங்களிலும் ஏறக்குறைய பாதிப் பேரே தப்புகிறார்கள். முகப்பருவுக்குத் தரும் ஐசோட்ரெட்டினோயின் மாத்திரை இங்கும் பயன்படுகிறது. மிச்சமிருக்கும் செல்களை அது முதிர்ச்சி அடையச் செய்கிறது. கட்டியின் செல்களைக் குறிவைத்துத் தாக்கும் எதிர்ப்புரத மருந்து ஒன்றுக்கு 2015-ல் அமெரிக்கா அனுமதி தந்தது. அதன் விலைதான் எட்டாத உயரம்.

யார் மீதும் பழி வேண்டாம்

கர்ப்பத்தில் சாப்பிட்டது, கிரகணத்தன்று வெளியே வந்தது என்று தாயைக் குறைசொல்வதில் நியாயமே இல்லை. நூற்றில் ஓரிருவருக்கு மட்டுமே பரம்பரைத் தொடர்பு உண்டு. இது தொற்றும் நோயும் அல்ல.

நோயின் பெயரைக் கேட்டதும் நம்பிக்கை இழக்கவும் வேண்டாம், கட்டி சுருங்கியதும் சிகிச்சையைப் பாதியில் விடவும் வேண்டாம். கீமோதெரபி நடக்கும் காலத்தில் காய்ச்சல் வந்தால், நள்ளிரவானாலும் மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மருத்துவரிடம் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள்: நோய் எவ்வளவு தூரம் பரவியிருக்கிறது? மரபணுச் சோதனையில் என்ன வந்தது? என் குழந்தை எந்த ஆபத்துப் பிரிவில் இருக்கிறது?